வேலையை மனிதருக்கு ஏற்ப மாற்றுவது எப்படி: எர்கோனாமிக்ஸ் அடிப்படைகள், படிப்படியாக

ஒருவர் தவறான பொத்தானை அழுத்திவிட்டார். இன்னொருவருக்கு மூன்று மாதமாகக் கழுத்து வலி. மற்றொருவர் ஒரே படிவத்தை நான்காவது முறையாகத் தப்பாக நிரப்பிக் கொடுக்கிறார். மூன்று பேருக்கும் கிடைக்கும் அறிவுரை பெரும்பாலும் ஒன்றுதான்: "கொஞ்சம் கவனமா இருங்க." நிமிர்ந்து உட்காருங்க, பார்த்து அழுத்துங்க, படிச்சுட்டு நிரப்புங்க. சொன்ன அன்று ஒரு மாற்றம் தெரியும், அடுத்த வாரமே எல்லாம் பழையபடி ஆகிவிடும், ஏனென்றால் அந்த நாற்காலியும் அந்தப் பொத்தானும் அந்தப் படிவமும் அப்படியேதான் இருக்கின்றன.

எர்கோனாமிக்ஸ் இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. வேலைக்கும் அதைச் செய்பவருக்கும் எங்கே பொருந்தாமல் போகிறது என்று தேடி, முடிந்தவரை அளந்து, வேலையை மாற்றுவது. ஆளை மாற்ற முயல்வது கடைசியில்தான்.

பெயரைப் பற்றிச் சுருக்கமாக. கிரேக்கத்தில் எர்கோன் என்றால் வேலை, நோமோஸ் என்றால் விதி. போலந்து அறிஞர் வோய்சியெக் யாஸ்ட்ஷெம்போவ்ஸ்கி 1857-லேயே இந்தச் சொல்லை எழுதிவிட்டார், ஆனால் அது அப்படியே மறந்துபோனது. 1949-இல் பிரிட்டனில் ஹைவெல் மர்ரெல் என்பவரும் அவரது சக ஆய்வாளர்களும் மறுபடி எடுத்துப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார்கள். அமெரிக்காவில் இதே துறை போர் விமானங்களையும் உளவியலையும் சுற்றி வளர்ந்ததால் "மனிதக் காரணிகள்" என்ற பெயர் நின்றது. இன்று இரண்டும் ஒன்றுதான். தமிழில் பணிச்சூழலியல் என்று எழுதுகிறோம், நல்ல சொல்தான், ஆனால் அதைக் கேட்டதும் பலருக்கு நாற்காலியும் மேசையும் மட்டுமே நினைவுக்கு வருகின்றன. துறை அதைவிடப் பெரியது: உடம்பு ஒரு பகுதி, கவனமும் நினைவும் முடிவெடுப்பதும் இன்னொரு பகுதி, ஷிப்ட், குழு, தகவல் பரிமாற்றம் என வேலை ஒழுங்கமைக்கப்படும் விதம் மூன்றாவது பகுதி.

குறிக்கோளும் இரண்டு. செய்பவர் நலமாக இருக்க வேண்டும், வேலையும் ஒழுங்காக நடக்க வேண்டும். ஒன்றை விட்டு இன்னொன்றைப் பிடித்தால் இரண்டுமே கைவிட்டுப் போய்விடும்.

முதல் படி: போய்ப் பாருங்கள்

எதையும் வாங்குவதற்கு முன்னால், மாற்றுவதற்கு முன்னால், அந்த வேலை நடக்கும் இடத்தில் அரைமணி நேரமாவது சும்மா நின்று பாருங்கள். கையேட்டில் எழுதியிருக்கும் வேலை ஒன்று, நிஜத்தில் நடக்கும் வேலை வேறொன்று. இந்த இடைவெளியைப் பார்க்காமல் செய்யும் எந்தத் திருத்தமும் காகிதத்தில் இருக்கும் வேலைக்குத்தான் பொருந்தும்.

பார்க்கும்போது ஆட்களைவிடப் பொருட்களைக் கவனியுங்கள். இயந்திரத்தில் ஒட்டிய காகிதத் துண்டு, பேனாவால் வட்டமிட்ட சுவிட்ச், நாற்காலியில் கட்டிய தலையணை, கணினித் திரைக்கு அடியில் அடுக்கிய புத்தகங்கள், மடித்துச் செருகிய அட்டை. இவை ஒவ்வொன்றும் "இங்கே பொருந்தவில்லை" என்று யாரோ ஏற்கெனவே கண்டுபிடித்து, தன்னால் முடிந்த அளவு சரிசெய்ததற்கான சாட்சி. சில நிறுவனங்களில் மேலதிகாரி வருகிறார் என்றதும் இவற்றையெல்லாம் கிழித்து எடுத்துவிட்டுச் சுத்தம் செய்கிறார்கள், எனக்கு அதைப் பார்த்தால் மனசு வலிக்கும், ஏனென்றால் கிழித்து எறிவது அந்த இடத்தின் மிகச் சிறந்த ஆய்வுக் குறிப்புகளை.

முன்கூட்டியே ஒன்று சொல்லிவிடுங்கள்: "உங்களை மதிப்பிட வரவில்லை, வேலையைப் பார்க்க வந்திருக்கிறேன்." இதைச் சொல்லாவிட்டால், அல்லது சொல்லியும் அவர்கள் நம்பாவிட்டால், உங்கள் முன்னால் எல்லாரும் விதிப்படிதான் செய்வார்கள், நீங்கள் எதையும் கற்றுக்கொள்ளாமல் திரும்புவீர்கள். அப்புறம் இரண்டு கேள்விகள் கேளுங்கள். எந்த இடத்தில் உங்களுக்கு எரிச்சல் வருகிறது? புதிதாக வருபவர் எங்கே தடுமாறுவார்? இரண்டாவது கேள்வி முக்கியம், பழகியவர்கள் தங்கள் சிரமத்தைச் சிரமம் என்றே உணர்வதில்லை, ஆனால் அடுத்தவருக்கு எது கஷ்டம் என்று துல்லியமாகச் சொல்வார்கள்.

பிறகு வேலையைச் சிறு சிறு செயல்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் நான்கு விஷயங்களை எழுதுங்கள்: அவர் எதைப் பார்க்கிறார் அல்லது கேட்கிறார், என்ன முடிவெடுக்கிறார், உடம்பின் எந்தப் பகுதியால் என்ன செய்கிறார், செய்தது பலித்தது என்று எப்படித் தெரிந்துகொள்கிறார். நான்காவது கட்டம் காலியாக இருக்கும் இடங்களில் சிவப்பு மையால் வட்டமிட்டு வையுங்கள். பின்னால் ஆறாவது படியில் அவை தேவைப்படும்.

இரண்டாம் படி: அளந்து பாருங்கள், சராசரியை நம்பாதீர்கள்

1950-இல் அமெரிக்க விமானப்படை 4,063 விமானிகளை உயரம், மார்பளவு, கை நீளம் என்று அங்கம் அங்கமாக அளந்தது. பழைய விமானி அறைகள் பொருந்தவில்லை, புதிய சராசரி கிடைத்தால் அதை வைத்துச் சரியாகக் கட்டலாம் என்பது எண்ணம். கில்பர்ட் டேனியல்ஸ் என்ற இளம் ஆய்வாளர் அவற்றில் பத்து அளவுகளை மட்டும் எடுத்துக்கொண்டார். சராசரி என்பதையும் தாராளமாக வைத்தார், நடுவில் இருக்கும் 30 சதவீதத்துக்குள் வந்தால் போதும் என்று. பத்து அளவிலும் சராசரியாக இருந்தவர் எத்தனை பேர் என்று எண்ணினார். ஒருவர்கூட இல்லை. மூன்று அளவுகளை மட்டும் எடுத்தாலும் நூற்றுக்கு நான்கு பேர்கூடத் தேறவில்லை.

நீளமான கை உள்ளவருக்குக் கால் குட்டையாக இருக்கலாம், உயரமானவருக்கு இடுப்பு ஒடுக்கமாக இருக்கலாம். உடம்பின் அளவுகள் சேர்ந்து சேர்ந்து நகர்வதில்லை. அதனால் "சராசரி மனிதருக்கு" என்று கட்டிய அறை யாருக்கும் பொருந்தாத அறையாகிறது. விமானப்படை இதிலிருந்து எடுத்த முடிவுதான் இன்று காரில் ஏறியதும் நாம் செய்யும் காரியம்: இருக்கையை முன்னும் பின்னும் நகர்த்துவது.

இங்கே பெர்சென்டைல் என்ற சொல்லைப் பழகிக்கொள்ளுங்கள். 5-ஆம் பெர்சென்டைல் உயரம் என்றால் நூறு பேரில் ஐந்து பேர் அதைவிடக் குட்டை. 95-ஆம் பெர்சென்டைல் என்றால் ஐந்து பேர் மட்டுமே அதைவிட உயரம். வடிவமைப்பில் மூன்று கேள்விகள் கேட்டால் எந்த முனையை எடுப்பது என்று தெரிந்துவிடும்.

நுழைய, நிற்க, காலை நீட்ட இடம் வேண்டுமா? பெரிய உடம்பை வைத்து அளவெடுங்கள். அவர் நுழைந்தால் எல்லாரும் நுழைவார்கள்.

எட்டிப் பிடிக்க வேண்டுமா? சிறிய உடம்பை வைத்து அளவெடுங்கள். அவசரகால நிறுத்தப் பொத்தான் குட்டையானவருக்கு எட்டினால் உயரமானவருக்கும் எட்டும்.

நெடுநேரம் உட்காரவோ பிடித்துக்கொள்ளவோ வேண்டுமா? அப்படியென்றால் கூட்டிக் குறைக்கும் வசதி வேண்டும், வழக்கமாகச் சிறிய பெண்ணின் 5-ஆம் பெர்சென்டைலிலிருந்து பெரிய ஆணின் 95 வரை. ஆனால் ஐந்தாறு அளவுகளிலும் இதே எல்லையை வைத்தால் ஏதாவது ஓர் அளவில் வெளியே தள்ளப்படுபவர்கள் கூடிக்கொண்டே போவார்கள், டேனியல்ஸ் கண்டதும் அதைத்தானே. அதனால் அளவு அட்டவணையை மட்டும் நம்பி நிறுத்தாமல் கடைசியில் நிஜ மனிதர்களை உட்காரவைத்தே பார்க்க வேண்டும். அட்டவணையிலும் ஒரு எச்சரிக்கை இருக்கிறது, அது யாரை அளந்து எடுத்தது என்று பாருங்கள். இளம் ராணுவ வீரர்களை அளந்த எண்கள் முதியவர்களுக்கோ கர்ப்பிணிகளுக்கோ பொருந்தாது.

மூன்றாம் படி: உட்கார்ந்து செய்யும் வேலை

நாற்காலியிலிருந்து தொடங்குங்கள், திரை கடைசியில். வரிசை மாறினால் ஒன்றைச் சரிசெய்யும்போது இன்னொன்று கெடும்.

உயரத்தை வையுங்கள்: பாதம் தரையில் முழுதாகப் பதிய வேண்டும், தொடைக்கு அடியில் இருக்கையின் முன்விளிம்பு அழுத்தக்கூடாது. பின்னால் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்ததும் முழங்காலின் பின்பக்கத்துக்கும் இருக்கை விளிம்புக்கும் நடுவில் இரண்டு மூன்று விரல் நுழைய வேண்டும். நுழையவில்லை என்றால் இருக்கை உங்களுக்கு ஆழம் அதிகம், நீங்கள் சாயாமல் நுனியில்தான் உட்காருவீர்கள், எத்தனை நல்ல முதுகுத் தாங்கல் இருந்தும் வீண். அடுத்து முதுகுத் தாங்கலின் புடைப்பு இடுப்புக்கு மேலுள்ள உள்வளைவில் வந்து நிற்க வேண்டும்.

அப்புறம் கைகள். தோளைத் தளர்த்தித் தொங்கவிட்டு முழங்கையை மடக்கினால் கை எந்த உயரத்தில் நிற்கிறதோ, அதுதான் விசைப்பலகையின் உயரம். மேசை அதைவிட உயரமாக இருந்து, அதைத் தாழ்த்த முடியாவிட்டால், நாற்காலியை ஏற்றிக் காலுக்கு அடியில் ஏதாவது பலகை வையுங்கள். விசைப்பலகையின் பின்பக்கத்தில் இருக்கும் குட்டிக் கால்களை மடக்கிவிடுங்கள், அவை மணிக்கட்டைப் பின்னோக்கி வளைக்கத்தான் உதவுகின்றன. மவுஸ் விசைப்பலகையை ஒட்டியே இருக்கட்டும், கையை நீட்டிப் பிடிக்கும் ஒவ்வொரு நிமிடமும் தோள்தான் அந்தக் கையின் எடையைச் சுமக்கிறது.

திரை கை நீட்டினால் தொடும் தூரத்தில், மேல்விளிம்பு கண் மட்டத்தில் அல்லது சற்றுக் கீழே. பல குவியக் கண்ணாடி போடுபவர்கள் இன்னும் தாழ்த்த வேண்டும், இல்லாவிட்டால் கண்ணாடியின் கீழ்ப்பகுதி வழியாகப் பார்க்கத் தாடையைத் தூக்கித் தூக்கிக் கழுத்து போய்விடும். ஜன்னல் பக்கவாட்டில் இருக்கட்டும், முன்னாலும் வேண்டாம், பின்னாலும் வேண்டாம்.

மடிக்கணினியில் இதில் பாதிதான் நடக்கும். திரையும் விசைப்பலகையும் ஒட்டியே இருப்பதால் கைக்குச் சரியாக வைத்தால் கழுத்து குனியும், கண்ணுக்குச் சரியாக வைத்தால் தோள் தூக்கும். மனிதத் தலை ஏறக்குறைய 5 கிலோ, அது முன்னால் சாயச் சாயக் கழுத்துத் தசைகள் பிடித்திழுக்கும் விசை பல மடங்கு கூடுகிறது. தனி விசைப்பலகையும் மவுஸும் வாங்கி, மடிக்கணினியை உயரத்தில் வைப்பதைத் தவிர இதற்கு வழி கிடையாது. மணிக்கட்டு வலியோடு பல மாதம் "என் உட்காரும் முறைதான் தப்பு" என்று நினைத்துக்கொண்டிருந்தவன் என்ற முறையில் இதை அழுத்திச் சொல்கிறேன்.

எல்லாம் சரியாக வைத்தாலும் அப்படியே மூன்று மணி நேரம் உறைந்திருந்தால் பயனில்லை. அசையாமல் இறுகியிருக்கும் தசைக்குள் ரத்த ஓட்டம் குறைகிறது, முதுகெலும்பு வட்டுகளுக்கோ நேரடி ரத்த ஓட்டமே மிகக் குறைவு, அசைவினால்தான் அவற்றுக்கு ஊட்டம் போய்ச் சேர்கிறது. எனவே "சரியான நிலை" என்று ஒன்றைத் தேடிப் பிடித்துக்கொள்ளாமல் அரைமணிக்கு ஒருமுறை நிலையை மாற்றுங்கள். நின்றுகொண்டே நாள் முழுதும் வேலை செய்வதும் தீர்வல்ல, அது கால்களுக்கு வேறொரு தண்டனை.

நான்காம் படி: தூக்கும் வேலை

"முழங்காலை மடக்கித் தூக்குங்கள்" என்ற சுவரொட்டி எங்கும் இருக்கிறது. சுவரொட்டியால் முதுகு காப்பாற்றப்படுவதில்லை, எடை எங்கே இருக்கிறது என்பதுதான் முதலில் கணக்கு. அமெரிக்கத் தொழில்சார் பாதுகாப்பு மற்றும் நலவாழ்வு ஆய்வு நிறுவனம், அதாவது நியோஷ், தூக்குவதற்கு ஒரு சமன்பாடு வைத்திருக்கிறது. எல்லாம் மிகச் சாதகமாக இருந்தால் 23 கிலோ என்று தொடங்கி, ஒவ்வொரு பாதகத்துக்கும் ஒரு எண்ணால் பெருக்கிக் குறைத்துக்கொண்டே போகும். ஒரு பெட்டியை எடுத்துக்கொண்டு நாமே போட்டுப் பார்ப்போம்.

கணுக்காலிலிருந்து பெட்டியைப் பிடிக்கும் கை வரை 50 செ.மீ. தூரம். 25-ஐ இந்தத் தூரத்தால் வகுக்க வேண்டும், 0.5 வருகிறது. 23 கிலோ ஒரே அடியில் 11.5 ஆகிவிட்டது. பெட்டி தரையில் இருக்கிறது, அதற்கு 0.775. அதைத் தரையிலிருந்து 75 செ.மீ. உயரத்துக்குத் தூக்குகிறோம், அதற்கு 0.88. தூக்கும்போது உடம்பை 45 பாகை திருப்புகிறோம், அதற்கு ஏறக்குறைய 0.86. எல்லாவற்றையும் பெருக்கினால் கிடைப்பது 6.7 கிலோ. அடிக்கடி தூக்குவதையும் பிடிக்க வசதியில்லாத பெட்டியையும் இன்னும் சேர்க்கவேயில்லை.

இந்தக் கணக்கை ஒருமுறை கையால் போட்டவர்கள் அப்புறம் கிடங்கை வேறு கண்ணால் பார்ப்பார்கள். பெட்டியின் எடையைக் குறைக்காமலேயே, அதைத் தரையிலிருந்து எடுத்து ஒரு மேடையில் வைத்து, இடையில் இருக்கும் தடுப்பை நகர்த்தி உடம்போடு ஒட்டிப் பிடிக்கச் செய்து, வைக்கும் இடத்தை நேர் எதிரே கொண்டுவந்தால் பாதுகாப்பான எடை இரண்டு மடங்குக்கும் மேல் உயர்கிறது. மூன்று மாற்றமும் பொருட்களின் இடத்தில் செய்ததுதான்.

ஐந்தாம் படி: மனசின் அளவையும் எடுங்கள்

கை நீளத்துக்கு எல்லை இருப்பது போல நினைவுக்கும் கவனத்துக்கும் எல்லை இருக்கிறது. 1956-இல் ஜார்ஜ் மில்லர் உடனடி நினைவில் ஏழு, இரண்டு கூடவோ குறையவோ, விஷயங்கள் நிற்கும் என்று எழுதினார், பிற்கால ஆய்வுகள் அதை நான்கு அளவுக்குக் குறைத்துவிட்டன. அதனால் ஒரு திரையில் பார்த்த எண்ணை அடுத்த திரையில் நினைவிலிருந்து எழுதச் சொல்லும் எந்த அமைப்பும் தவறுகளை வரவேற்கும் அமைப்புதான். முன் பக்கத்தில் இருந்த தகவல் தேவைப்படும் இடத்திலும் கண்ணில் படட்டும்.

கவனத்தைப் பற்றி நார்மன் மேக்வொர்த் செய்த சோதனை 1948-இல் வெளியானது. போரில் ரேடார் திரையை மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் ஏன் கோட்டை விடுகிறார்கள் என்பது கேள்வி. கடிகாரம் போன்ற ஒரு வட்டில் முள் சிறு சிறு தாவலாக நகரும், எப்போதாவது ஒருமுறை இரட்டைத் தாவல் போடும், அதைக் கண்டுபிடிக்க வேண்டும். முதல் அரைமணியிலேயே கண்டுபிடிக்கும் திறன் குறையத் தொடங்கியது. அக்கறை இல்லாதவர்கள் என்று அவர்களைச் சொல்ல முடியாது, அரிதாக வரும் ஒன்றுக்காகக் காத்திருப்பது மனித மூளைக்கு மிகக் கடினமான வேலை. கண்காணிப்பு வேலை கொடுக்கிறீர்கள் என்றால் ஆட்களை அடிக்கடி மாற்றுங்கள், எச்சரிக்கை தானாகக் கூப்பிடட்டும்.

தானியங்கி அமைப்புகளில் இந்தச் சிக்கல் இரட்டிப்பாகிறது. லிசான் பெய்ன்பிரிட்ஜ் 1983-இல் சுட்டிக்காட்டிய முரண் இது: எளிதான பகுதியை இயந்திரத்துக்குக் கொடுத்துவிட்டு, இயந்திரத்தால் முடியாத கடினமான கணத்தை மட்டும் மனிதரிடம் தள்ளுகிறோம், அதுவும் தினசரிப் பயிற்சியை அவரிடமிருந்து பறித்த பிறகு.

குறுக்கீடுகள் வேறு. அமெரிக்காவில் 1981 முதல் ஒரு விதி உண்டு, பயணிகள் விமானம் 10,000 அடிக்குக் கீழே பறக்கும்போது விமானி அறையில் வேலைக்குச் சம்பந்தமில்லாத பேச்சே கூடாது. உங்கள் வேலையில் அந்த "10,000 அடி" எது என்று கண்டுபிடித்து, அந்தச் சில நிமிடங்களை மட்டும் காப்பாற்றினாலே போதும்.

ஆறாம் படி: பொத்தானும் விளக்கும்

இரண்டாம் உலகப் போரில் பி-17 என்ற அமெரிக்கக் குண்டுவீச்சு விமானங்கள் பத்திரமாகத் தரையிறங்கிய பிறகு ஓடுபாதையில் திடீரெனச் சக்கரம் மடங்கி வயிற்றில் சறுக்கின. விமானி தவறு என்று பதிவானது. அல்ஃபோன்ஸ் சபானிஸ் என்ற உளவியலாளர் 1943-இல் விமானி அறைக்குள் போய்ப் பார்த்தார். இறக்கையின் ஃபிளாப்பை மடக்கும் சுவிட்சும் சக்கரத்தை மடக்கும் சுவிட்சும் ஒரே வடிவம், பக்கத்துப் பக்கத்தில். தரையிறங்கியதும் ஃபிளாப்பை மடக்க வேண்டும், களைத்துப்போன கை பக்கத்துச் சுவிட்சைத் தட்டிவிடுகிறது. இரண்டும் வேறு வேறு மாதிரி இருந்த மற்ற விமானங்களில் இந்தப் பிரச்சினையே இல்லை. சக்கரச் சுவிட்சின் முனையில் சிறு ரப்பர் சக்கரத்தையும் ஃபிளாப் சுவிட்சின் முனையில் ஆப்பு வடிவத்தையும் பொருத்தினார்கள், கை தொட்டதுமே தெரியும்படி. இன்றும் பயணிகள் விமானங்களில் சக்கர நெம்புகோலின் முனை சக்கர வடிவத்தில்தான் இருக்கிறது.

ஆக, முதல் சோதனை: வேறு வேறு விளைவு தரும் கட்டுப்பாடுகள் பார்க்கவும் தொடவும் வேறு வேறாக இருக்கின்றனவா? அடுத்தது, இடம். நான்கு பர்னர் அடுப்பில் எந்தக் குமிழ் எந்தப் பர்னருக்கு என்று தடுமாறாதவர் யார்? பர்னர்கள் சதுரமாகவும் குமிழ்கள் ஒரே வரிசையிலும் இருப்பதுதான் காரணம். சபானிஸும் லிண்டன்பாமும் 1959-இல் இதைச் சோதித்தபோது, பர்னர்களையே கொஞ்சம் விலக்கிக் குமிழ் வரிசையோடு ஒத்துப்போக வைத்த அமைப்பில் ஒரு தவறும் வரவில்லை. பெயர் எழுதி ஒட்ட வேண்டிய தேவையே போய்விட்டது.

மூன்றாவது, பதில். முதல் படியில் சிவப்பு வட்டமிட்டீர்களே, அது இதற்குத்தான். 1979 மார்ச் 28 அதிகாலை, அமெரிக்காவின் திரீ மைல் ஐலண்டு அணுமின் நிலையத்தில் ஒரு வால்வு திறந்தபடியே சிக்கிக்கொண்டது. கட்டுப்பாட்டு அறை விளக்கோ அது மூடிவிட்டது போலக் காட்டியது, ஏனென்றால் "மூடு" என்ற கட்டளை போனதா என்பதைத்தான் அந்த விளக்கு காட்டியது, வால்வு நிஜமாக மூடியதா என்பதை அல்ல. முதல் சில நிமிடங்களில் நூற்றுக்கும் மேற்பட்ட எச்சரிக்கைகள் ஒன்றாக அலறின, எது முக்கியம் என்று பிரித்துச் சொல்ல எதுவும் இல்லை. உண்மையைக் காட்டியிருக்கக்கூடிய ஒரு அளவி பலகையின் பின்பக்கத்தில் இருந்தது. குளிர்விக்கும் நீர் இரண்டு மணி நேரத்துக்கும் மேலாக வெளியேறிக்கொண்டே இருந்தது.

உங்கள் செயலியின் "அனுப்பப்பட்டது" என்ற செய்தியும் இதே கேள்விக்கு உட்பட்டதுதான். அது பொத்தானை அழுத்தியதைச் சொல்கிறதா, மறுமுனையில் போய்ச் சேர்ந்ததைச் சொல்கிறதா?

சின்னதாக இரண்டு விதிகள். இலக்கு தூரமாகவும் சிறிதாகவும் இருந்தால் போய்த் தொட அதிக நேரமாகும், இது 1954-இல் பால் ஃபிட்ஸ் எண்களால் நிறுவியது, எனவே அடிக்கடி தொடுவது பெரிதாகவும் அருகிலும் இருக்கட்டும், "அழி" மட்டும் தள்ளி இருக்கட்டும். நிறத்தை மட்டும் நம்பி எதையும் சொல்லாதீர்கள், சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாதவர்கள் ஆண்களில் கணிசமானோர். வடிவமோ எழுத்தோ கூடவே இருக்கட்டும்.

ஏழாம் படி: தவறைப் பிரித்துப் பாருங்கள்

தவறு என்று ஒரே கூடையில் போட்டால் மருந்தும் ஒன்றே ஆகிவிடும். ஜேம்ஸ் ரீசன் பிரித்த விதம் நடைமுறைக்கு மிகவும் உதவும். நினைத்தது சரி, கை தவறியது: அது சறுக்கல். செய்ய வேண்டியது மறந்துபோனது: விடுபடல். நினைத்ததே தவறு: பிழையான முடிவு. தெரிந்தே விதியை மீறியது: மீறல்.

சறுக்கல் அனுபவசாலிகளுக்குத்தான் அதிகம் வரும், கை தானாக ஓடுவதால். அவர்களுக்குப் பயிற்சி வகுப்பு வைத்து என்ன பயன்? வடிவத்தைத்தான் மாற்ற வேண்டும். விடுபடலுக்கு நினைவூட்டலும் சரிபார்ப்புப் பட்டியலும். உலக சுகாதார நிறுவனம் 2008-இல் அறுவை சிகிச்சைக்காக வெளியிட்ட பட்டியலில் 19 விஷயங்கள்தான், ஆனால் அதைச் சத்தமாக வாசிக்க வேண்டிய மூன்று தருணங்களைக் குறித்ததில்தான் அதன் பலம். பிழையான முடிவுக்குத் தகவலும் பயிற்சியும் வேண்டும். மீறல் என்றால் முதலில் கேட்க வேண்டியது, விதிப்படி செய்தால் இந்த வேலை குறித்த நேரத்தில் முடியுமா என்று. பல இடங்களில் முடியாது, எல்லாருக்கும் அது தெரியும், விபத்து நடக்கும் நாளில் மட்டும் அது மீறல் ஆகிறது.

ஒரு விபத்தில் இவை எப்படிப் பின்னிக்கொள்கின்றன என்பதற்கு 1989 ஜனவரி 8 அன்று இங்கிலாந்தின் கெக்வொர்த் அருகே விழுந்த போயிங் 737-ஐப் பாருங்கள். பழுதானது இடது என்ஜின், விமானிகள் நிறுத்தியது வலது. பழைய மாடலில் அறைக்குக் காற்று வந்த விதத்தை வைத்து, புகை வந்தால் வலது என்ஜின்தான் என்று நினைத்தார்கள். அதிர்வைக் காட்டும் அளவி சிறியது, பழைய விமானங்களில் அதை நம்பவும் முடிந்ததில்லை. வலது என்ஜினைக் குறைத்ததும் தற்செயலாக அதிர்வும் அடங்கியது, முடிவு சரி என்று உறுதியானது. இடது பக்கம் தீப்பொறியைப் பார்த்த பயணிகளும் பணியாளர்களும் இருந்தார்கள், அந்தச் செய்தி விமானி அறைக்குப் போகவில்லை. 47 பேர் இறந்தார்கள். இதில் எந்த ஒன்றை மட்டும் "காரணம்" என்று எடுத்தாலும் மற்றவை அடுத்த விமானத்தில் அப்படியே இருக்கும்.

எட்டாம் படி: சுற்றுச்சூழல்

இது எளிது, கருவி வைத்து அளந்துவிடலாம். அலுவலக மேசையில் வெளிச்சம் 500 லக்ஸ் அளவுக்கு இருந்தால் வாசிக்கப் போதும், நுணுக்கமான வேலைக்கு மேலும் வேண்டும், ஆனால் கண்ணைக் கூசவைக்கும் ஒரு விளக்கு எல்லாவற்றையும் கெடுத்துவிடும். சத்தம்: எட்டு மணி நேரத்துக்கு 85 டெசிபல் வரை என்பது நியோஷ் பரிந்துரை, ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும், அதாவது 88-க்கு நான்கு மணி நேரம், 91-க்கு இரண்டு. ஷிப்ட் சுழலும் என்றால் காலை, மாலை, இரவு என்று முன்னோக்கிச் சுழலட்டும், உடம்பின் கடிகாரத்துக்குத் தூக்கத்தைத் தள்ளிப்போடுவது எளிது, வழக்கத்தைவிடச் சீக்கிரம் தூங்குவது கடினம்.

ஒன்பதாம் படி: மாற்றங்களை வரிசைப்படுத்துங்கள்

இப்போது உங்களிடம் நீண்ட பட்டியல் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் மேலிருந்து கீழாக இந்த வரிசையில் கேளுங்கள்: இந்த ஆபத்தையே நீக்க முடியுமா? தவறாகச் செய்யவே முடியாதபடி அமைக்க முடியுமா? செய்தாலும் திருத்திக்கொள்ள முடியுமா? எச்சரிக்க முடியுமா? இவை எதுவும் முடியாதபோதுதான் பயிற்சி, அறிவிப்புப் பலகை.

இரண்டாவது கேள்விக்கு எனக்குப் பிடித்த உதாரணம் மயக்க மருந்து இயந்திரம். சிலிண்டரின் கழுத்தில் துளைகள், இயந்திரத்தில் முனைகள், ஒவ்வொரு வாயுவுக்கும் அவற்றின் இடம் வேறு. ஆக்சிஜன் இடத்தில் வேறு சிலிண்டர் உட்காரவே உட்காராது. நள்ளிரவில், களைப்பில், புதிதாக வந்தவர் மாட்டினாலும் சரியானதுதான் மாட்டும். பணம் எடுக்கும் பல இயந்திரங்களில் முதலில் அட்டையை எடுத்தால்தான் பணம் வெளியே வருவதும் இதே யோசனைதான், பணம் கைக்கு வந்ததும் மனசுக்கு வேலை முடிந்துவிடும், அட்டை மறந்துபோகும்.

பத்தாம் படி: செய்பவரை வைத்துச் சோதியுங்கள்

அட்டையில் வெட்டி, காகிதத்தில் வரைந்து, இருக்கும் மேசையை இரண்டு செங்கல் வைத்து உயர்த்தி, மலிவான மாதிரியில் முதலில் பாருங்கள். உயரமானவர், குட்டையானவர், இடது கைக்காரர், நேற்று சேர்ந்தவர், இருபது வருடம் செய்தவர் என்று தேடிப் பிடித்து உட்காரவையுங்கள். அவர்கள் தடுமாறும்போது வாயைத் திறக்காதீர்கள், "அது அந்தப் பக்கம் இருக்கு" என்று நீங்கள் சொன்ன நொடியில் சோதனை முடிந்துவிட்டது. எத்தனை தவறு, எவ்வளவு நேரம், எங்கே நின்று யோசித்தார் என்று எழுதுங்கள். வேலை எவ்வளவு பாரமாக இருந்தது என்பதற்கு நாசாவில் உருவாக்கி 1988-இல் வெளியிட்ட ஆறு கேள்வி அளவுகோல் இருக்கிறது: மன உழைப்பு, உடல் உழைப்பு, நேர நெருக்கடி, செய்து முடித்த திருப்தி, முயற்சி, எரிச்சல். மாற்றத்துக்கு முன்னும் பின்னும் ஒரே ஆட்களிடம் கேட்டு ஒப்பிடுங்கள்.

மாற்றம் நடந்து மூன்று நான்கு வாரம் கழித்து, சொல்லாமல் ஒருமுறை அதே இடத்துக்குப் போங்கள். புதிய நாற்காலியில் பழைய தலையணை திரும்பி வந்திருக்கிறதா, புதிய பலகையில் யாராவது காகிதத் துண்டு ஒட்டியிருக்கிறார்களா என்று பாருங்கள். இருந்தால் அதை எடுக்காமல் ஒரு படம் பிடித்துக்கொண்டு, ஒட்டியவரைக் கண்டுபிடித்து, என்ன நடந்தது என்று கேளுங்கள்.